தாலி கட்டும் நேரத்து வெளிச்சம்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை என்றுதான் தோன்றும். மணமேடையைப் பார்த்துத் திருப்பிய விளக்குகள், கூரையில் வரிசையாக டியூப் லைட், தூண்களைச் சுற்றி சீரியல் பல்பு. ஆனால் மேடையில் ஒரு லக்ஸ் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் 200 லக்ஸை ஒட்டித்தான் காட்டும். அதே மண்டபத்து வாசலில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஐந்நூறு மடங்கு வித்தியாசம். அதை நாம் உணர்வதே இல்லை. கண்மணி விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, மிச்சத்தை மூளை சரிக்கட்டிவிடுகிறது. கேமராவுக்கு இப்படித் தாராளமாக ஈடுகட்டிக்கொள்ளத் தெரியாது. உள்ளே எவ்வளவு ஒளி போகிறதோ அவ்வளவுதான் படம்.

கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, “எந்த பாடி வாங்கலாம்? எத்தனை மெகாபிக்சல்?” என்பதைத்தான். இந்தக் கேள்வியின் வரிசையே தலைகீழ் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் லென்ஸ், அடுத்து சென்சாரின் பரப்பு, அதற்கப்புறம்தான் மற்ற எல்லாம். கையில் இருக்கும் பணம் குறைவாக இருக்க இருக்க இந்த வரிசை இன்னும் முக்கியமாகிறது. ஏன் என்பதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

ஒளி தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. ஃபோட்டான் என்னும் துகள்களாக, முன்பின்னாக வந்து விழுகிறது. சென்சாரின் ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழவேண்டிய இடத்தில் ஒன்றில் 90, பக்கத்தில் 110 என்று ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100 துகளுக்கு 10, அதாவது பத்து சதவீதம். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் ஒரு சதவீதம். மாப்பிள்ளையின் தலைமுடியிலும் மணப்பெண்ணின் தாடைக்குக் கீழ் விழும் நிழலிலும் பொரிப்பொரியாகத் தெரியும் நாய்ஸ் பெரும்பாலும் இதுதான். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டியதால் நாய்ஸ் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. ஐ.எஸ்.ஓ. செய்வது பெருக்கல் மட்டுமே. ஒளி குறைவாக வந்தது முதற்காரணம். பெருக்கியபோது அந்தக் குறை வெளியே தெரிந்தது.

இதோடு இன்னொரு இழப்பும் உண்டு. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ணச் சல்லடைதான் இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களின் சென்சார் மீது இருக்கிறது. நான்கு பிக்சலில் இரண்டு பச்சையையும் ஒன்று சிவப்பையும் ஒன்று நீலத்தையும் மட்டும் உள்ளே விடும். மற்ற நிறங்கள் அந்தந்த இடத்திலேயே தடுக்கப்பட்டு வீணாகின்றன. வந்து சேரும் கொஞ்சம் ஒளியிலும் பெரும்பங்கு இப்படிப் போய்விடுகிறது என்பதால், வாசலிலேயே அதிகமாக வாங்கிக்கொள்வது அவசியமாகிறது.

வாங்கிக்கொள்ள வழிகள் மூன்று: ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம், லென்ஸின் துளையைப் பெரிதாக்கலாம், சென்சாரின் பரப்பைக் கூட்டலாம். முதல் வழி கல்யாணத்தில் சீக்கிரமே அடைபட்டுவிடும். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும் மாப்பிள்ளையின் விரல்கள் பதற்றத்தில் வேகமாக முடிச்சுப் போடும். 1/125 நொடிக்குக் கீழே இறங்கினால் விரல்கள் கலங்கிவிடும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வரும் அட்சதை 1/250 நொடியிலேயே இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்து, அரிசி கோடாக விழும். கை ஆட்டத்தைச் சமன்படுத்தும் வசதி இப்போது எல்லாக் கேமராவிலும் விளம்பரமாகிறது. அது உங்கள் கையை நிலைநிறுத்தும். மாப்பிள்ளையின் கையை அல்ல.

எனவே லென்ஸ். எஃப்/1.8, எஃப்/5.6 என்று லென்ஸ் மேல் அச்சிட்டிருக்கும் எண், குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளை 28 மி.மீ. கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸ் அதே 50 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் என்றால், துளை 9 மி.மீ. மட்டுமே. பரப்பில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வித்தியாசம். 200 லக்ஸ் மேடையில், 1/125 நொடியில், எஃப்/1.8-க்கு ஐ.எஸ்.ஓ. 500 போதும். எஃப்/2.8-க்கு 1250 வேண்டும். எஃப்/5.6-க்கு 5000. ஆல்பத்தைப் புரட்டும்போது இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு கேமரா தெரியாதவர் கண்ணுக்கும் புலப்படும்.

சென்சாரின் பரப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஃபுல் ஃப்ரேம் என்பது 36-க்கு 24 மி.மீ., மொத்தம் 864 சதுர மி.மீ. கிராப் சென்சார் என்று கடையில் சொல்வது சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ., அதாவது 367. ஒரே எஃப் எண்ணில் ஃபுல் ஃப்ரேம் 2.4 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. நல்ல ஆதாயம்தான். ஆனால் ஃபுல் ஃப்ரேம் பாடிக்கே பணமெல்லாம் போய், அதில் எஃப்/4 லென்ஸ் ஒன்றை மாட்டினால் கணக்கு எப்படி வரும்? பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேமில் எஃப்/4 என்றால் 54. கிராப் சென்சாரில் எஃப்/1.8 என்றால் 113. மலிவான பாடியில் நல்ல லென்ஸ் மாட்டியவர், விலை உயர்ந்த பாடி வைத்திருப்பவரைவிட இரு மடங்கு ஒளியோடு வீடு திரும்புகிறார். 2013-இல் சிக்மா வெளியிட்ட 18-35 மி.மீ. எஃப்/1.8 ஜூம் இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த லென்ஸ். கிராப் பாடியில் அதை மாட்டினால், ஃபுல் ஃப்ரேமில் எஃப்/2.8 ஜூம் மாட்டியதற்குச் சமமான ஒளி கிடைக்கும்.

அப்படியானால் இருப்பதிலேயே அகலமாகத் திறக்கும் லென்ஸை வாங்கி, முழுக்கத் திறந்தே வைத்துக்கொள்ளலாமா? முடியாது. துளை பெரிதாகப் பெரிதாகக் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.4-இல் திறந்து இரண்டு மீட்டரில் இருந்து எடுத்தால், கூர்மையான பகுதி நாலரை சென்டிமீட்டர் ஆழம்தான். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்குத்தி தெளிவாக இருக்கும். காது ஜிமிக்கி கரைந்திருக்கும். ஒற்றை முகத்துக்கு அது அழகு. தாலி கட்டும் காட்சி அப்படியல்ல. குனிந்த மணப்பெண், அவர்மேல் சாய்ந்த மாப்பிள்ளை, பின்னால் நின்று மிச்ச முடிச்சுகளைப் போடும் நாத்தனார் என்று பல வீடுகளில் மூன்று முகங்கள் மூன்று ஆழத்தில் இருக்கும். மூன்றும் தெளிவாக வேண்டும். 35 மி.மீ. லென்ஸ் எஃப்/2.8-இல் அதே இரண்டு மீட்டரில் அரை மீட்டருக்கும் மேல் ஆழம் தருகிறது, காட்சியின் அகலமும் இரண்டு மீட்டர் கிடைக்கிறது. இந்த ஒரு கணத்துக்காக மட்டுமே ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 35-ஐத்தான் எடுப்பேன்.

இன்னும் அகலமாக, 24 மி.மீ. வாங்கினால் மேடை முழுக்க அடங்குமே என்பார்கள். அடங்கும். குடும்பப் படத்துக்கு அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. அகல லென்ஸ் நேர்க்கோடுகளை நேராகக் காட்டுவதற்காக ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸின் இடது வலது ஓரத்தில் இருக்கும் தலை, இயல்பைவிட 25 சதவீதம் அகலமாகப் பதிவாகும். 35 மி.மீ.யில் இது 12 சதவீதத்துக்கு இறங்கும். 50-இல் சுமார் 6. வரிசையின் கடைசியில் நின்ற அத்தை அந்த ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் உடம்பை நினைத்து வருந்துவார். காரணம் லென்ஸ் என்று யாரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை. நாற்காலிகளைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, நான்கு அடி பின்னால் போய், 50-இல் எடுத்தால் தீர்ந்தது. இடமே இல்லாத மண்டபத்தில் 35.

70-200 மி.மீ. எஃப்/2.8 ஜூமைக் கையில் வைத்திருப்பதுதான் தொழிலுக்கு அடையாளம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அதன் எடைக்குக் காரணம் எளிது: 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71 மி.மீ. அந்த விட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்பதால் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. தேவாலயத் திருமணங்களில் பல இடங்களில் புகைப்படக்காரர் பீடத்தை நெருங்கக் கூடாது. அங்கே அது இல்லாமல் சரிப்படாது. நம் மணமேடையிலோ புகைப்படக்காரர் ஐயருக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். தொலைவில் இருந்து எடுத்தால்தான் முன்னால் நிற்கும் உறவினர் கூட்டம் மறைக்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்தால் போதும். கிராப் பாடி வைத்திருப்பவருக்கு 85 மி.மீ. எஃப்/1.8 ஒன்றே 130 மி.மீ.க்கு நிகரான பார்வையைத் தரும். தாலி ஏறும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மாவின் முகத்துக்கு அது போதுமான நீளம்.

வெளிச்சத்தின் அளவைப் போலவே அதன் நடுக்கமும் தொல்லை தரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இருமுறை உச்சம் தொடுவதால், பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/500 நொடியில் தொடர்ச்சியாக ஐந்து படம் எடுங்கள். ஒன்று வெளிறி, ஒன்று இருண்டு, இன்னொன்று மஞ்சளடித்து வரும். 1/100 நொடியில் ஒரு முழு ஏற்ற இறக்கமும் உள்ளே அடங்கிவிடும் என்பதால் எல்லாம் சீராக வரும். 2014-இல் வந்த கேனன் 7டி மார்க் 2 இந்தத் துடிப்பை அளந்து, உச்சம் வரும் கணத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்று நடுத்தர விலைக் கேமராக்களிலும் அது உண்டு. வாங்குமுன் கட்டாயம் கேட்டுப் பார்க்கவேண்டிய வசதி இது. மெகாபிக்சலைவிட நூறு மடங்கு பயன்படும்.

ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. திரை வேறு வகை. அது நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் அணைந்து எரிகிறது. மிரர்லெஸ் கேமராவின் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. சாதாரண சென்சாரில் மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க 1/20 நொடியை ஒட்டிய நேரம் ஆகும். அதற்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிந்திருக்கும். படத்தில் குறுக்குக் கோடுகளாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகள் சுமார் 1/250 நொடியில் கடந்துவிடுவதால் தொல்லை வெகுவாகக் குறைகிறது. 2017-இல் சோனி ஏ9-இல் வந்த அடுக்குச் சென்சார் படிக்கும் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது. 2023-இல் அறிவித்த ஏ9 மார்க் 3, எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. அவை விலை உயர்ந்தவை. நம் கல்யாணத்துக்குச் சத்தமில்லாத ஷட்டர் எதற்கு என்றும் யோசிக்கவேண்டும். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கேமராவின் ‘க்ளிக்’ யார் காதிலும் விழாது. தயங்காமல் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுக்கலாம்.

அடுத்து, பட்டு. இந்தப் பகுதிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பட்டு இழையின் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம். அதன் தட்டையான பக்கங்களில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அந்தப் பளபளப்பு. மயில் கழுத்து நிறப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். எந்தக் கோணத்தில் இருந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப நீலமும் பச்சையும் மாறி மாறி மேலெழும். கேமராவின் தலைக்கு மேல் நேராக வைத்த ஃபிளாஷ் இந்த விளையாட்டை ஒரே அடியில் அழித்துவிடும். துணி தட்டையாகும், ஜரிகை வெறும் வெள்ளைப் பட்டையாகும். பக்கத்தில் இருந்தோ, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பியோ வரும் ஒளியில்தான் நெசவு தெரியும். ஹோமப் புகைக்கும் இதே விதி பொருந்தும். நேர் ஃபிளாஷ் கேமராவுக்கு முன்னால் இருக்கும் புகைத்துகள்களில் சிதறித் திரும்பி, படம் முழுக்கப் பால் தெளித்தது போலாகிவிடும். எனவே கேமராவோடு ஒட்டிய பெரிய ஃபிளாஷுக்குச் செலவழிப்பதைவிட, தலை திரும்பக்கூடிய ஒரு ஃபிளாஷும் அதைக் கேமராவிலிருந்து பிரித்து வைத்து இயக்கும் டிரிகரும் வாங்குவது நல்லது.

நெருக்கமான நெசவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சாரில் விழும் பிம்பத்தில் இழைகளின் இடைவெளியும் பிக்சல்களின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், துணியில் இல்லாத வானவில் பட்டைகள் முளைக்கும். இதைத் தடுக்கச் சென்சார் மீது மெல்லிய மங்கலாக்கும் வடிகட்டி வைப்பது வழக்கமாக இருந்தது. கூர்மைக்காகப் பல நிறுவனங்கள் இப்போது அதை எடுத்துவிட்டன. கடையில் சோதிக்கும்போது ஒரு பட்டுத் துணியைக் கொண்டுபோய் வெவ்வேறு தூரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, முகம் கறுப்பு. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் வேட்டி நிறைந்த படத்தில் அது ஒளியைக் குறைத்து, முகத்தை இருட்டில் தள்ளிவிடும். அதற்குப் பயந்து ஒளியைக் கண்டபடி கூட்டி, கறுத்த முகத்தை வெளுத்துக் கொடுப்பது நம் ஸ்டூடியோக்களில் பழகிப்போன பழக்கம். இது எனக்குப் பெரிய வருத்தம். அந்தப் பையனின் நிறம் அவனுடையது. அது அப்படியே, அதன் பளபளப்போடும் நிழல்களோடும் பதிவாகவேண்டும். அதற்கு வழி ரா வடிவில் எடுப்பது. ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளைத்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா 16,384 படிகளை வைத்திருக்கிறது. வேட்டியின் மடிப்பு வெளிறாமல் கொஞ்சம் குறைத்து எடுத்து, முகத்தின் நிழலைப் பிறகு நிதானமாக மேலே கொண்டுவர அந்தப் படிகள்தான் கைகொடுக்கின்றன. ஒருபக்கம் ஜன்னல் வெயில், மறுபக்கம் வெள்ளை டியூப், நடுவில் வீடியோக்காரரின் விளக்கு என்று நிறங்கள் கலந்து வரும் இடத்திலும் ரா இருந்தால்தான் தோலின் நிறத்தைத் தேடி எடுக்க முடியும்.

ஆட்டோஃபோகஸ் பற்றி விளம்பரத்தில் வரும் எண்ணைக் கவனமாகப் படிக்கவேண்டும். மைனஸ் 6 ஈ.வி. வரை ஃபோகஸ் செய்யும் என்று போட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில், எஃப்/1.2 லென்ஸ் மாட்டினால் என்று இருக்கும். இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதும் லென்ஸ் தரும் ஒளியைக் கொண்டுதான்; கிட் லென்ஸோடு அதே பாடி தடுமாறும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் தலைகுனிந்து, நெற்றிச்சுட்டி ஆட, மாலை தாடையை மறைத்திருக்கும் மணப்பெண்ணிடம் அது சில சமயம் தோற்கும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறத் தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மெகாபிக்சலைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். விரித்தால் 12-க்கு 36 அங்குலம் வரும் ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600 பெருக்கல் 5400, சுமார் 1.94 கோடி. 24 மெகாபிக்சல் கேமரா அந்தப் பக்கத்தை நிரப்பியும் மிச்சம் வைக்கும். 45 மெகாபிக்சல், நீள அகலத்தில் 1.4 மடங்குதான் கூடுதல் விவரம் தருகிறது. ஹார்ட் டிஸ்க்கை ஏறத்தாழ இரு மடங்கு நிரப்புகிறது.

பாடியில் உண்மையில் கேட்டு வாங்கவேண்டியது இரண்டு மெமரி கார்டு பள்ளங்கள். ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிவாகவேண்டும். 2018-இல் நிக்கான் இசட்6, கேனன் ஈ.ஓ.எஸ். ஆர் இரண்டும் ஒற்றைப் பள்ளத்தோடு வந்தபோது, கல்யாணப் படம் எடுப்பவர்கள் உலகெங்கும் அதையே முதல் குறையாகச் சொன்னார்கள். 2020-இல் வந்த இசட்6 மார்க் 2-இல் இரண்டு பள்ளங்கள் இருந்தன. கார்டு கெட்டுப்போனால் மூன்று முடிச்சை யாரும் மறுபடி போட்டுக் காட்டப் போவதில்லை. அதே காரணத்துக்காக, எவ்வளவு பழையதானாலும் இரண்டாவது பாடி ஒன்று தோளில் தொங்கவேண்டும். ஒன்றில் 35, மற்றொன்றில் 85. நெருக்கடியில் லென்ஸ் மாற்றும் நேரமும் மிச்சம்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பழைய சந்தையைத் தயங்காமல் சொல்வேன். 2012-இன் கேனன் 5டி மார்க் 3, 2014-இன் நிக்கான் டி750 இரண்டும் ஃபுல் ஃப்ரேம், இரண்டிலும் இரட்டைக் கார்டு, 22, 24 மெகாபிக்சல். இவற்றில் ஒன்றையும் எஃப்/1.8 லென்ஸ் இரண்டையும் வாங்கியவர், இந்த ஆண்டின் புது பாடியைக் கிட் லென்ஸோடு வாங்கியவரைவிட நல்ல ஆல்பம் தருவார். பழைய லென்ஸை வாங்கும்போது மட்டும் ஒரு சோதனை கட்டாயம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை படரும். முன்பின் மூடிகளைக் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்தில் இருந்து செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கிவந்த லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டரோடும் வையுங்கள். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கவேண்டும். ஏறத் தொடங்கினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்.